எல்லாக் குரலும் ஒரே அளவில்

பிப்ரவரி 3

எங்கள் கம்பெனி பெண்களைச் செவிடாக்குகிறது. கோபத்தில் எழுதவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, நிதானமாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தகர மூடி அடிக்கும் கூடத்தில் சில வருடம் நின்ற எந்தப் பெண்ணையும் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தோளைத் தொட வேண்டும்.

அம்மா அங்கே நிற்கிறாள், நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடத்திலிருந்து. நான் அதே கம்பெனியில், முற்றத்துக்கு இந்தப் பக்கம், கண்ணாடிக் கதவுக்குள் உட்கார்ந்து மேலாளருக்கு ஸ்லைடு செய்துகொடுக்கிறேன். இரண்டு பேர் கழுத்திலும் ஒரே அடையாள அட்டை. கயிற்றின் நிறம்தான் வேறு.

சாயங்காலம் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார். அம்மா எழுந்து நாற்காலியைத் துடைத்து, "வாங்க வாங்க, இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, உக்காந்து பாருங்க" என்றாள். மனிதர் படம் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். கடைசியில் அவரே சிரித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு மூன்று பேருமே டிவியைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6

வாடிக்கையாளர் கூட்டத்தில் மானம் போனது.

முதல் படம் மேலாளர் பேசுவது. அவர் அறையில் எடுத்தது. ஏதோ ரகசியம் சொல்வது போல ஒலித்தது. பின் வரிசையில் "கேக்கல, கேக்கல" என்றார்கள். ஸ்பீக்கரை முழுக்கத் திருகினேன். அடுத்த ஸ்லைடில் கூடத்துப் படம். மூடி அடிக்கும் இயந்திரம் அந்தக் குளிர்ந்த அறைக்குள் வெடித்தது. முன் வரிசைக்காரர் மடியில் காப்பி.

"சவுண்டு வைக்கத் தெரியாதவளை யார் இங்க உக்கார வெச்சது?" என்றார் மேலாளர், மைக்கை அணைக்காமலே.

மதியத்துக்குள் அலுவலகம் முழுக்க என் பெயர் 'சவுண்டு'. வீட்டில் சொன்னது என் தப்பு. இப்போது அண்ணனும், "ஏய் சவுண்டு, தண்ணி எடு" என்கிறான்.

பிப்ரவரி 9

இனி அப்படி நடக்காது. கற்றுக்கொண்டேன்.

ஸ்லைடில் ஓடும் படத்துக்குச் சத்தம் ஒரே இடத்தில் இல்லை. படத்தில் பதிவானது ஒன்று. ஸ்லைடில் அந்தப் படத்துக்கென்று நாம் வைப்பது ஒன்று. அதற்கு மேல் கணினியின் அளவு, அதற்கும் மேல் சுவரில் மாட்டிய ஸ்பீக்கர். நான் இத்தனை நாளும் கடைசியில் இருப்பதைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். அது எல்லாப் படத்தையும் சேர்த்து ஏற்றும், சேர்த்து இறக்கும். முணுமுணுப்பவனுக்காக ஏற்றினால் அடுத்து வருபவன் கத்துவான்.

ஒவ்வொரு படத்தையும் அதன் ஸ்லைடிலேயே சரிசெய்ய வேண்டும். கத்துவதை இறக்கு, முனகுவதை ஏற்று. திடீரென்று சத்தம் பாயாமல், தொடக்கத்தில் மெல்ல எழுந்து முடிவில் மெல்ல அடங்கும்படி வை. எல்லாம் ஒரே அளவுக்கு வந்ததும் ஸ்பீக்கரை ஒருமுறை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளலாம். பார்ப்பவனுக்குச் சத்தம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோக வேண்டும். அதுதான் வேலை.

பிப்ரவரி 10

மேலாளர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 19

கூடத்துப் பெண்கள் தொழிலாளர் துறைக்கு மனு கொடுத்துவிட்டார்கள். எழுதியது பெரியக்கா. அம்மாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவள். அவளுக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. அதனால் எப்போதும் இடது பக்கமாகச் சாய்ந்தே நிற்பாள், யாரையோ சந்தேகப்படுவது போல.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரசாங்க ஆள் கருவியோடு வந்து கூடத்தின் சத்தத்தை அளக்க வேண்டும். அளவு மீறினால் எல்லோருக்கும் காதுச் சோதனை, காது கெட்டுப்போனவர்களுக்குச் சம்பளம் குறையாமல் வேறு இடத்தில் வேலை. சட்டத்தில் இருப்பதுதான். அளக்க ஆள் அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு குழுவாம். அளப்பதற்கு முன்னால், அளக்கலாமா என்று யோசிக்க மூன்று பேர். அவர்களுக்குக் கார், ஏசி, பிஸ்கட்.

அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "உன் வேலைக்கு ஏதும் ஆகிடாதே?" என்று கேட்டாள். ஆகாது என்று தலையாட்டினேன். அவளிடம் பாதிப் பேச்சு தலையாட்டல்தான்.

மார்ச் 2

குழு அலுவலகக் கட்டடத்துக்கு மட்டும்தான் வருமாம். கூடத்துக்குள் வர நேரமில்லை. ஓடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெண்களை அனுப்ப முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். "அதனால என்ன, எல்லாத்தையும் படமா காட்டிடலாம். அவங்களும் பேசட்டும். நமக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்றவர் என்னைப் பார்த்து, "உங்க அம்மாவையே பேச வைம்மா. நல்லா இருக்கும்" என்றார்.

முதல்முறையாக அந்த ஆளை நல்லவர் என்று நினைத்தேன். எழுதியாயிற்று. அழிக்கப்போவதில்லை.

கூடத்தைப் படம் எடுத்தேன். உள்ளே நுழைந்ததும் பல் கூசியது. நெஞ்சுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். பெண்கள் வாயசைவிலேயே பேசிக்கொள்கிறார்கள், வேகமாக, கெட்ட வார்த்தை உட்பட. பெரியக்கா என் செருப்பைப் பார்த்து ஏதோ வாயசைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை. அங்கே செவிடு நான்தான்.

அம்மாவை உடை மாற்றும் அறையில் உட்கார வைத்து எடுத்தேன். தலைவாரி, அட்டையை நேராக்கிக்கொண்டு, பேசினாள்.

"வீட்டுக்குப் போனா கூட மிஷின் நிக்கறதில்லைங்க, காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. என் பொண்ணு பேசறது வாயைப் பார்த்தாத்தான் தெரியுது. அவ முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசினா அவ ஊமைங்க. அளந்து பாருங்கன்னுதான் கேக்கறோம். வேற என்ன கேட்டோம்?"

முடிந்ததும், "நல்லா பேசினேனாடி?" என்றாள். அறை அதிர்ந்தது. வெளியே நடந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மார்ச் 4

ஒத்திகை. மேலாளர், கணக்குப் பிரிவு ஆட்கள், இன்னும் சிலர்.

அம்மாவின் படம் ஓடியது. எதிரில் ஒரு முழம் தூரத்தில் இருந்த என்னிடம், நடுவில் ஆறு ஓடுவது போலக் கத்துகிறாள். ஸ்பீக்கர் கரகரத்தது. அறையில் ஒருவர் சிரிக்க, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மேலாளர் காதில் விரலை வைத்துக்கொண்டு, "உங்க அம்மா பேசறாங்களா, சண்டைக்குக் கூப்பிடறாங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவன், "சவுண்டுக்கு அம்மா சவுண்டாத்தானே இருப்பாங்க" என்றான்.

என் காது சுட்டது.

அவர்கள் போன பிறகு உட்கார்ந்து சரிசெய்தேன். குழுவின் முன்னால் ஒருவனும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கத்தலை இறக்கினேன், கரகரப்பு போகும் வரை. கூடத்துப் படத்தையும் இறக்கினேன். இல்லாவிட்டால் அதற்கு அடுத்து வரும் அம்மா பேச்சு எடுபடாது. மேலாளருடையதை ஏற்றினேன். தொடக்கத்தில் மெல்ல எழும்படி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு இடத்திலும் உறுத்தவில்லை.

அம்மா குரல் அழகாக இருந்தது. செய்தி வாசிப்பவள் போல.

மார்ச் 6

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

குழுத் தலைவர் வயதானவர். மரியாதையானவர். எனக்கும் சேர்த்து "வணக்கம்மா" சொன்னார். முதலில் மேலாளர் பேசிய படம், அடுத்து கூடம், அடுத்து அம்மா. தடங்கலே இல்லை. யாரும் காதைப் பொத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நான் கணினி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெருமையாக! பெருமையாகத்தான் நின்றேன்.

படம் முடிந்ததும் தலைவர் தன் இரண்டு உறுப்பினர்களிடம் சொன்னார்: "சத்தம் இல்லேன்னு சொல்லல. ஆனா மிக்ஸி ஓடற அளவுக்குக் கூட இல்லையே."

பிறகு சொன்னார்: "அந்த அம்மாவும் நிதானமாத்தானே பேசறாங்க. காது போனவங்க கத்துவாங்க சார். தன் குரல் தனக்கே கேக்காதில்லையா? எங்க மாமனார் அப்படித்தான், தெருவே எழுந்துக்கும்."

மேலாளர், "கரெக்ட் சார்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "சார், அது நான்..." என்பதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. பிஸ்கட் வந்தது.

கத்துவதுதான் அத்தாட்சி. அதைத்தானே நான் இறக்கி வைத்தேன்?

மார்ச் 7

முடிவு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக அரசாங்கத்தில் எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. 'காட்டப்பட்ட காணொளிப் பதிவின் அடிப்படையில், ஒலி அளவீட்டுக்கு முகாந்திரம் இல்லை.'

அம்மாவிடம் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து, அவள் என் வாயைப் பார்க்கும்படி. ஒவ்வொரு சொல்லாக. உன் குரலைக் குறைத்தது நான். கூடத்தைக் குறைத்தது நான். யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஏன்டி குறைச்சே?"

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா."

"யாரு?"

"ஆபீஸ்ல."

"சிரிச்சா என்ன? பல்லு அவனுது." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "உனக்கு வெக்கமா இருந்துச்சு. அதைச் சொல்லேன்."

இல்லை என்று தலையாட்டினேன். அவளுக்கு வாயசைவு படிக்கத் தெரியும். முகம் படிக்க இன்னும் நன்றாகத் தெரியும்.

அண்ணன் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனான். இன்று அவன் என்னைச் சவுண்டு என்று கூப்பிடவில்லை.

மார்ச் 9

முற்றத்துக் குழாயடியில் பெரியக்கா பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் பாத்துக்கங்கடி. பெத்தவ வாயைப் பொத்தின பொண்ணு. கம்பெனி செய்ய வேண்டியதை வீட்டுலயே செஞ்சு குடுத்துட்டா."

அம்மா குறுக்கே வந்தாள். "என் பொண்ணை நான் திட்டிக்கறேன். நீ உன் பாட்டிலை ரொப்பு."

"திட்டினியா?"

"திட்டுவேன்."

இன்னும் திட்டவில்லை. திட்டித் தொலையேன் அம்மா.

மார்ச் 12

மேலாளர் அறை.

"சார், படத்துல சத்தத்தைக் குறைச்சிருந்தேன். குழுவுக்கு அது தெரியணும்."

"குறைக்கச் சொன்னது யாரு? நானா?"

"இல்ல சார்."

"அப்புறம்?" ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நான் ஒண்ணும் சொல்லவே இல்லையேம்மா. நீயா செஞ்சே, நல்லா செஞ்சே. இனிமே எல்லா கிளைக்கும் அந்த மாதிரியே வைக்கச் சொல்லியிருக்கேன்."

அது உண்மை. அவர் சொல்லவில்லை. காதில் விரல் வைத்துச் சிரித்தார், அவ்வளவுதான். என்னைப் போன்றவளிடம் உத்தரவு போட வேண்டியதில்லை, சிரித்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? அல்லது சும்மா சிரித்தாரா? எது மோசம்?

குழுவுக்கு நானே மனு எழுதினேன். குறைத்தது நான்தான் என்றும், மூலச் சத்தத்தோடு மறுபடி போட்டுக் காட்ட அனுமதி வேண்டும் என்றும். என் பெயர், என் பதவி, என் கையெழுத்து. மேலாளருக்கு ஒரு பிரதி. ஒளிந்து செய்ய இஷ்டமில்லை.

மார்ச் 27

அனுமதி கிடைத்தது. அதே அறை, அதே ஆட்கள், அதே பிஸ்கட்.

எந்தப் படத்திலும் கை வைக்கவில்லை. எடுத்தது எடுத்தபடி. மேலாளர் முனகினார். கூடம் இடித்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அம்மா வந்து கத்தினாள். ஒரு உறுப்பினர் பையில் பஞ்சு தேடினார். தலைவர், "குறைங்கம்மா, குறைங்க" என்று கையை ஆட்டினார். குறைக்கவில்லை. படம் தானாக முடிந்தது.

அந்த அமைதியில் மேலாளர் எழுந்தார். குரலில் வருத்தம் வேறு. "சார், அவங்க தாய் மேல பாசம், புரியுது. ஆனா கூட்டறதும் குறைக்கறதும் அவங்க கையில. அன்னிக்கு அவங்களே குறைச்சாங்களாம். இன்னிக்கு ஏத்தலைன்னு எப்படித் தெரியும்? போன்ல எடுத்த படம். ஸ்பீக்கரை எவ்வளவு வைக்கிறோமோ அவ்வளவு கேக்கும்."

இதிலும் பொய் இல்லை. படத்தில் இருக்கும் சத்தத்துக்குச் சொந்த அளவு கிடையாது. போன் கூட உரத்த சத்தத்தைத் தானாகவே நசுக்கித்தான் பதிகிறது. கூடத்தின் நிஜம் இன்னும் கொடுமை. அதைச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நீங்களே ஒத்துக்கறீங்க. படத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது."

"முடியாது சார். அதனாலதான் அளக்கச் சொல்றோம்."

"படத்தை வெச்சு முடிவு பண்ண முடியாதுன்னா, முந்தின முடிவை மாத்தவும் முடியாதே அம்மா."

"முந்தின முடிவும் இதே படத்தை வெச்சுத்தானே சார் எடுத்தீங்க?"

"அன்னிக்கு யாரும் ஆட்சேபிக்கலையே."

அன்று மெல்லக் கேட்டபோது அது சாட்சி. இன்று உரக்கக் கேட்டபோது அது தந்திரம். ஒரே படம்.

மார்ச் 28

அம்மா வேலைக்குப் போனாள். நானும் போனேன். வேறென்ன செய்வது?

ஏப்ரல் 4

என்னை ஸ்லைடு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். துரத்தவில்லை, துரத்தினால் பேச்சு வரும். வாசலில் வரவேற்பு மேசை. வருபவர்களிடம் கையெழுத்து வாங்கி அட்டை கொடுக்க வேண்டும். என் இடத்தில் புதிதாக ஒரு பெண். நல்ல பெண்தான். என்னிடமே வந்து, "அக்கா, எல்லாப் படத்தையும் ஒரே அளவுக்கு எப்படிக் கொண்டு வர்றது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். பிறகு, எதை இறக்குகிறோம் என்று ஒருமுறை யோசித்துக்கொள் என்றும் சொன்னேன். 'இது என்ன உளறல்' என்பது போலப் பார்த்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஏப்ரல் 21

பெரியக்காவின் இடது காதில் சீழ். விடுப்புக் கேட்டிருக்கிறாள். மேற்பார்வையாளர் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. பதில் சொல்லாமல் நின்றதற்கு, திமிர் என்று எழுதிவிட்டார்கள்.

இப்போது அம்மா என்னைத் திட்டுகிறாள். உப்பு அதிகம், துணி காயவில்லை, செருப்பைக் குறுக்கே விட்டாய். தெருவே கேட்கிறது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வருவதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறேன். எதை எதற்காகத் திட்டுகிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மே 16

கம்பெனிக்குப் பாதுகாப்பு விருது. கொடுக்க வந்தவர் குழுத் தலைவர். அட்டையை நான்தான் நீட்டினேன். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். நினைவு வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

விழா முடிந்து கையில் கண்ணாடிப் பெட்டியோடு தனியாக வந்தார். ஓட்டுநர் காரை எடுத்து வரப் போயிருந்தார். மேசையை விட்டு எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், கூடம் அதோ, இந்த முற்றத்துக்கு அந்தப் பக்கம். படம் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், கருவி கூட வேண்டாம். நீங்க உள்ளே வர வேண்டாம். வாசல்ல நின்னா போதும், நான் கதவைத் திறந்து பிடிச்சுக்கறேன். எங்க அம்மா முதல் மிஷின்ல, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க. அவங்களை ஒருதரம் கூப்பிடுங்க. உங்களால முடிஞ்ச மட்டும் கத்திக் கூப்பிடுங்க. திரும்பிட்டாங்கன்னா நான் இந்த அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் முற்றத்தைப் பார்த்தார். பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கார் வந்து நின்றது.

"வாங்க சார்" என்றேன். "நாற்பது அடி கூட இல்ல. வாங்க."